பீர்க்கன்கரணையைச் சுற்றி மலைச் சைக்கிளுக்கு இடம் உண்டா?

பீர்க்கன்கரணைக்கு வழி கேட்டால் ஜி.எஸ்.டி. சாலையையும் பெருங்களத்தூர் நிறுத்தத்தையும்தான் அடையாளம் சொல்வார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய இரவுகளில் தென்மாவட்டத்துக்காரர்கள் மூட்டை முடிச்சோடு பேருந்துக்குக் காத்துக் கிடந்த இடம் அது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் முனையம் திறந்த பிறகுதான் அந்த நெரிசல் கொஞ்சம் தெற்கே நகர்ந்தது. சாலையின் இரைச்சலில் ஊரின் நில அமைப்பு பலருக்குக் கண்ணில் படுவதே இல்லை. சாலையை ஒட்டியே பீர்க்கன்கரணை ஏரி. அந்தப் பக்கம் நெடுங்குன்றம் ஏரி. தெற்கே வண்டலூர் காப்புக்காடும் குன்றுகளும். மேற்கே முடிச்சூர், மண்ணிவாக்கம், ஆதனூர் என்று அடையாறு பிறக்கும் பள்ளம். காடு, குன்று, ஏரி, ஆறு எல்லாம் ஒரு காலை நேரத்துச் சைக்கிள் தூரத்துக்குள் அமைந்த புறநகர் சென்னையில் வேறு எத்தனை இருக்கும்?

இப்படிப்பட்ட இடத்தில் மலைச் சைக்கிளுக்கு ஒரு தடம் இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அப்படி ஒன்று இல்லை. தடித்த டயரும் முன்பக்க சஸ்பென்ஷனும் டிஸ்க் பிரேக்கும் உள்ள சைக்கிளை ஆசை ஆசையாய் வாங்கிய இளைஞர்கள், ஞாயிறு விடியலில் வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை நீளும் வெளிவட்டச் சாலையின் வழவழப்பான தாரில் அதை ஓட்டுகிறார்கள். இன்னும் சிலர் வேலி தாண்டிக் காட்டுக்குள் போகிறார்கள். முதலாவது வீண். இரண்டாவது குற்றம். இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டா என்பதுதான் கேள்வி.

அதற்கு முன் இந்த விளையாட்டின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மரின் மாவட்டத்து இளைஞர்கள் 1970களில் பழைய கனத்த சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலையிலிருந்து மண் பாதையில் இறக்கி விளையாடினார்கள். 1976 அக்டோபரில் அங்கே நடந்த ரீபேக் என்ற இறக்கப் பந்தயத்தைத்தான் இந்த விளையாட்டின் தொடக்கப் புள்ளியாகப் பலரும் கொள்கிறார்கள். இறக்கத்தில் பின்சக்கர பிரேக் சூடேறி கிரீஸ் ஆவியாகிவிடுமாம். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் அதை மறுபடி நிரப்ப வேண்டியிருந்ததால் அந்தப் பெயர். 1990இல் உலகப் போட்டி, 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் என்று இருபதே ஆண்டுகளில் அந்த விளையாட்டு உலகெங்கும் பரவிவிட்டது. இந்தியாவில் இமாசலத்தில் 2005 முதல் எம்.டி.பி. (மலைச் சைக்கிள்) ஹிமாலயா பந்தயம் நடந்து வந்தது. நமக்குப் பக்கத்திலே, 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடியில் நடந்தது. கேரளம் மலையில் தடம் வெட்டி ஆசியாவை அழைத்தபோது, சைக்கிள் செய்யும் நம் ஊரில் ஒரு தடம்கூட இல்லை.

சைக்கிள் செய்யும் ஊர் என்று சொல்வது மிகையில்லை. டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் அம்பத்தூரில் தொடங்கி, 1951இல் முதல் ஹெர்குலிஸை வெளியே விட்டது. பிற்காலத்தில் நேர்க் கைப்பிடியும் பட்டையான டயரும் வைத்து வந்த வண்டியைத்தான் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ‘எம்.டி.பி.’ என்று அழைக்கத் தொடங்கினார்கள். அது மலை ஏறியதோ இல்லையோ, டியூஷனுக்குப் போய் வந்தது. அரசுப் பள்ளிகளில் பதினோராம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு அரசு இலவசச் சைக்கிள் கொடுத்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஏரிக்கரை மேட்டிலிருந்து பிரேக் பிடிக்காமல் இறங்கி மதகுப் பக்கம் வளைந்து திரும்பும் பள்ளிப் பையனிடம் போய் மலைச் சைக்கிள் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. ஆளும் இருக்கிறார்கள், வண்டியும் இருக்கிறது. மண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலை தொடங்கித் தெற்கே நீளும் குன்றுகள் எல்லாம் சார்னோகைட் என்ற மிகப் பழைய, மிகக் கடினமான பாறை. பரங்கிமலையில் இந்தப் பாறை தெரியும் இடத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகவே அறிவித்திருக்கிறது. பாறையின் மேல் சில இடங்களில் செம்மண், சில இடங்களில் செம்புரைச் சரளை. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்துச் சரளைக் குழி ஒன்றில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது. சைக்கிள்காரருக்கு இந்த மண் ஒரே சமயத்தில் வரமும் வம்பும். காய்ந்த சரளை சக்கரத்துக்கடியில் உருளும், வளைவில் வழுக்கும். நனைந்த செம்மண் ஒட்டிக்கொண்டு சங்கிலியை அடைக்கும். மழை நின்று இரண்டு மூன்று வாரம் கழித்து, மண் இறுகியும் இறுகாமலும் இருக்கும் நாட்களில் இதைவிடச் சிறந்த தரை கிடைக்காது. ஆக மார்கழி பாதியிலிருந்து மாசி வரைதான் உண்மையான பருவம். அக்னி நட்சத்திரத்தில் இந்தப் பேச்சே வேண்டாம். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. நிழலே இல்லாத புதர்க்காட்டில் அந்த வெயிலில் சைக்கிள் மிதிப்பவருக்கு வைத்தியர்தான் தேவைப்படுவார்.

முள்ளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாம்பரம் பக்கத்து மண் பாதைகளை அறிந்த எவரும் சீமைக் கருவேலத்தை மறக்க மாட்டார்கள். ஏரி உள்வாயிலும் கரையிலும் புறம்போக்கிலும் அது இல்லாத இடமில்லை. வெட்டிப் போட்ட கிளையில் காய்ந்த முள் தடித்த டயரையும் துளைக்கும். அதனால்தான் இங்கே பழகியவர்கள் டியூபைக் கழற்றிவிட்டு, ஓட்டை விழுந்தால் தானே அடைத்துக்கொள்ளும் திரவத்தை டயருக்குள் ஊற்றிக்கொள்கிறார்கள். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து வண்டி வாங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே பஞ்சர் கடைக்காரரின் வாடிக்கையாளர் ஆகிவிடுவதும் இதனால்தான்.

இனி காடு. பீர்க்கன்கரணைக்கு மிக அருகில் இருப்பது வண்டலூர். சென்னை பார்க் டவுனில் 1855இல் தொடங்கிய உயிரியல் பூங்காவுக்காக 1976இல் வண்டலூர் காப்புக்காட்டில் இடம் ஒதுக்கினார்கள். 1985இல் பூங்கா திறந்தது. இப்போது அதன் பரப்பு 602 ஹெக்டேர். உள்ளே வாடகைச் சைக்கிள் உண்டு. தாம்பரம் வட்டாரத்தில் ஒருவர் எந்தச் சட்டத்தையும் மீறாமல் மரங்களுக்கிடையே சைக்கிள் மிதிக்கக்கூடிய இடம் அநேகமாக அது ஒன்றுதான், அதுவும் தார்ச்சாலையில், குடும்பம் குடும்பமாய் வரும் கூட்டத்துக்கு நடுவே. குழந்தைகளோடு போவதற்கு நல்ல இடம். அதை மலைச் சைக்கிள் என்று சொல்ல முடியாது.

வடகிழக்கே நன்மங்கலம் காப்புக்காடு இருக்கிறது. சுமார் 320 ஹெக்டேர். வேளச்சேரி–தாம்பரம் சாலையில் மேடவாக்கத்தை ஒட்டி, அடுக்குமாடிக் குடியிருப்புகள் சூழ்ந்த ஒரு பச்சைத் துண்டு. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலார் சொல்லும் வகையின் மிச்சம் இங்கே உண்டு. இந்தியக் கொம்பன் ஆந்தைக்கு இது பேர்போன இடம். அந்த ஆந்தை கூடு வைப்பது காட்டுக்குள் கைவிடப்பட்டுக் கிடக்கும் பழைய கல்குவாரியின் செங்குத்துப் பாறைகளில். மழைநீர் தேங்கிய அந்தக் குவாரியின் விளிம்பு சைக்கிள்காரர் கண்ணுக்கு ஆசை காட்டும் என்பது எனக்கும் தெரியும். அதற்குள் தடம் போடச் சொல்ல என்னால் முடியாது. 320 ஹெக்டேர் என்பது காட்டுக் கணக்கில் கையளவு நிலம். நடுவே ஒரு பாதை ஓடினால் விளிம்பு இல்லாத உள்காடு என்று எதுவும் மிஞ்சாது.

இந்த இடத்தில் சைக்கிள் ஆர்வலர்கள் ஆய்வுகளைக் காட்டி வாதாடுவார்கள். அந்த ஆய்வுகள் உண்மையானவை, நேர்மையாகவே எடுத்துப் பார்க்கலாம். அமெரிக்காவின் மொன்டானாவில் வில்சனும் சீனியும் 1994இல் வெளியிட்ட ஆய்வின்படி, குதிரைக் குளம்பும் மனிதக் காலும் பெயர்க்கும் மண்ணைவிடச் சைக்கிள் சக்கரம் அதிகம் பெயர்ப்பதில்லை. கனடாவின் ஒன்டாரியோவில் தர்ஸ்டனும் ரீடரும் 2001இல் செய்த ஆய்வு, செடிகளுக்கு நேரும் சேதத்தில் நடப்பவருக்கும் மிதிப்பவருக்கும் பெரிய வேறுபாடில்லை என்றது. யூட்டா மாநிலத்தின் ஆன்டிலோப் தீவில் டெய்லரும் நைட்டும் 2003இல் வெளியிட்டது இன்னும் சுவையானது. தடத்திலிருந்து 100 மீட்டருக்குள் இருக்கும் விலங்கு, ஆள் நடந்து வந்தாலும் சைக்கிளில் வந்தாலும், பத்துக்கு ஏழு தடவை எழுந்து ஓடியது. தடத்தை விட்டு விலகி ஆள் வந்தபோது மான்கள் ஓடும் வாய்ப்பு 96 சதவீதமாக உயர்ந்தது.

இந்த எண்களைக் காட்டி ‘சைக்கிளால் காட்டுக்குக் கேடில்லை’ என்று முடிவு கட்டுகிறவர்கள் பாதியைத்தான் படிக்கிறார்கள். ஆன்டிலோப் தீவு நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த பரப்பு. அங்கே மான் ஓடிப்போய் நிற்க இடம் உண்டு. நன்மங்கலத்தில் பாதையின் இருபுறமும் 100 மீட்டரை விட்டுக் கொடுத்தால் ஒரு கிலோமீட்டர் தடத்துக்கு 20 ஹெக்டேர் போய்விடும். ஐந்து கிலோமீட்டர் தடம் போட்டால் காட்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அதற்கப்பால் ஓடினால் மேடவாக்கம் சாலையில் வந்து நிற்க வேண்டியதுதான். அதே ஆய்வுகளிலிருந்து எனக்குக் கிடைக்கும் பாடம் வேறு: வகுத்த தடத்தில் போவது சகிக்கத்தக்கது, மனம் போன போக்கில் போவது கேடு. இப்போது நடப்பது இரண்டாவது. தடம் இல்லாததால் யாரும் வருவதில்லை என்று எண்ணுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1882ஆம் ஆண்டு வனச் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் உயிரோடு இருக்கிறது. அதன் 21ஆம் பிரிவின்படி காப்புக்காட்டுக்குள் அத்துமீறி நுழைவதே குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, அந்த ஆண்டே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்தன. அனுமதி, வழிகாட்டி, பாதைத் தரம் எல்லாம் அதில் வரையறுக்கப்பட்டன. 2024 அக்டோபர் 24 அன்று அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கி 40 பாதைகளை இணைய முன்பதிவுக்குத் திறந்துவிட்டது. உள்ளூர் இளைஞர்களும் பழங்குடியினரும் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றார்கள். திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைப் பாதையும் அந்தப் பட்டியலில் உண்டு. எல்லாம் நடப்பதற்கான பாதைகள். சைக்கிளுக்கு அந்த ஏற்பாட்டில் இடம் வைக்கவில்லை. அதற்காக வனத்துறையைக் குறை சொல்வதைவிட, அது காட்டிய முறையைக் கவனிப்பது பயன் தரும். தடை, அத்துமீறல், அபராதம் என்று சுற்றிச் சுற்றி வந்த ஒரு விஷயம், முன்பதிவும் வழிகாட்டியும் வந்தவுடன் நாகரிகமாகிவிட்டது.

காட்டை இத்தோடு விட்டு ஆற்றுக்கு வருகிறேன். சொல்ல வேண்டியது அதிகம் இருப்பதும் இங்கேதான்.

அடையாறு 42 கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள சின்ன ஆறு. மலையில் பிறக்காமல் ஏரிகளின் உபரியில் பிறக்கிற ஆறு. ஆதனூர் ஏரியின் கலங்கல் பக்கத்தில் ஓடையாகத் தொடங்கி, மண்ணிவாக்கம், வரதராஜபுரம், முடிச்சூர் என்று நகர்ந்து, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கத்து உபரியைச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் ஆறு என்ற தோற்றம் அதற்கு வருகிறது. பீர்க்கன்கரணை, இரும்புலியூர் பக்கத்து ஏரிகளின் மிச்ச நீரும் மேற்கே முடிச்சூரைத் தேடித்தான் போகிறது. கிழக்கே செம்பாக்கம், நன்மங்கலம் பக்கத்து நீரோ பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகிறது. மழை எந்தப் பக்கம் விழுந்தாலும் ஏரி, கரை, மதகு, கலங்கல், வாய்க்கால், அடுத்த ஏரி என்று சங்கிலியாய் ஓடும் அமைப்பு இது. அந்தக் கரைகள் எல்லாம் சேர்ந்து ஒரு பாதை வலைப்பின்னல். பல நூற்றாண்டுகளாக மனிதர்கள் நடந்து, மாடு ஓட்டி, பின்பு சைக்கிள் மிதித்த ஒற்றையடிப் பாதைகள் அவை. தடத்துக்காக நாம் காட்டைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. நமக்கு ஏரிக்கரை இருக்கிறது.

இந்தப் பள்ளத்தை உலகம் அறிந்தது வேறு விதத்தில். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. மாடிகளிலிருந்து ஆட்களைப் படகில் இறக்கினார்கள். அதன் பிறகு ஆற்றை அகலப்படுத்திக் கரை எழுப்பினார்கள். கரை என்று ஒன்று வந்துவிட்டால் அதைப் பராமரிக்க அதன் மேல் வண்டி போகும் மண் பாதையும் வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத கரையில் முதலில் குப்பை லாரி வரும், அடுத்து கட்டட இடிபாடு வரும், அதற்கடுத்துக் குடிசையோ கடையோ வரும். தினமும் காலையில் நூறு சைக்கிள் ஓடும் கரையில் ராத்திரியோடு ராத்திரியாக இடிபாடு கொட்டுவது அவ்வளவு எளிதில்லை. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் தனிச் சட்டமே வந்தது. சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பதற்கு ஆள் வேண்டும். சைக்கிள்காரர்கள் சம்பளமில்லாத காவலர்கள்.

மறுபக்கமும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது பெருங்களத்தூர்–நெடுங்குன்றம் சாலையை ஒரு முதலை நிதானமாகக் கடந்து போனது. காரிலிருந்தவர் எடுத்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது. வண்டலூர் பூங்காவிலிருந்து தப்பியது என்று வதந்தி கிளம்பியது. இந்த வட்டாரத்து நீர்நிலைகளில் சதுப்பு முதலைகள் இயற்கையாகவே இருக்கின்றன, அவை ஆளைக் கண்டால் ஒதுங்கும் குணமுள்ளவை என்று வனத்துறை விளக்கம் சொன்னது. நெடுங்குன்றத்துக்காரர்களுக்கு அது பழைய செய்தி. ஆக, எல்லா ஏரிக்கரையும் சைக்கிளுக்குத் தோதானது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. முதலை உள்ள ஏரி, பறவைகள் கூடு கட்டும் ஏரி, கரை பலவீனமான ஏரி மூன்றையும் விலக்கிவிட்டுத்தான் பட்டியல் போட வேண்டும்.

கரைப் பாதைகளுக்கு இன்னொரு பகை, அழகுபடுத்தல். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) 2023இல் பத்து ஏரிகளின் கரைகளை மேம்படுத்த 100 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. முடிச்சூர், மாடம்பாக்கம், செம்பாக்கம் மூன்றும் அதில் உண்டு. நல்ல செய்திதான். ஆனால் மேம்பாடு என்றாலே சிமென்ட் கல் பதித்த நடைபாதை, கம்பி வேலி, வண்ண விளக்கு, மீன் வடிவக் குப்பைத்தொட்டி, திறப்பு விழாக் கல்வெட்டு என்று நம் பொறியாளர்கள் பழகிவிட்டார்கள். மண் பாதையை மண் பாதையாகவே விட்டு வைப்பதற்கும் ஒரு தொழில்நுட்பம் உண்டு என்று யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

அந்தத் தொழில்நுட்பம் எளியது. மண் பாதையை அழிப்பது சக்கரமல்ல, தண்ணீர். சரிவில் நேராகக் கீழே இறங்கும் பாதை மழையில் வாய்க்காலாக மாறிவிடும். ஐப்பசி அடைமழை இரண்டு பெய்தால் சரளை அடித்துக்கொண்டு போய் பாறை துருத்தி நிற்கும். அதனால் உலகெங்கும் தடம் அமைப்பவர்கள் இரண்டு கணக்குகளைக் கையில் வைத்திருக்கிறார்கள். பாதையின் சரிவு, அது கடக்கும் குன்றின் பக்கச் சரிவில் பாதிக்கு மேல் போகக் கூடாது. சராசரிச் சரிவு பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதோடு பாதையின் வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும், சில பத்து மீட்டருக்கு ஒரு தரம் பாதை சற்றே இறங்கி ஏற வேண்டும். தண்ணீர் அந்த இடத்தில் பாதையைக் குறுக்காகக் கடந்து வெளியேறிவிடும். இதற்கு மண்வெட்டியும் கடப்பாரையும் கண்ணளவும் போதும். ஏரி மராமத்து தெரிந்த நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வெளிநாட்டிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை.

இப்போது குவாரி. என் வாதத்தின் மையம் இதுதான். சென்னை நகரம் எழும்பியது தாம்பரம், பல்லாவரம் குன்றுகளை உடைத்துத்தான். திரிசூலம், பம்மல், எருமையூர், சிக்கராயபுரம் என்று ஜல்லிக்காகத் தோண்டி முடித்துக் கைவிட்ட குழிகள் வரிசையாகக் கிடக்கின்றன. 2017 வறட்சியில் சிக்கராயபுரம் குவாரித் தண்ணீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள் என்பதை வைத்து அந்தக் குழிகளின் ஆழத்தை ஊகிக்கலாம். கோடை விடுமுறை வந்தால் குவாரியில் குளிக்கப் போன மாணவர் மூழ்கினார் என்ற செய்தி வராத வருஷம் இல்லை. வேலி கிடையாது, பலகை இருந்தால் துருப்பிடித்திருக்கும்.

அதே குவாரியை ஒரு தடம் அமைப்பவர் பார்த்தால், லாரி இறங்கிய சுற்றுப்பாதை, கழிவு மண் கொட்டிய மேடுகள், படிப்படியாய் வெட்டிய பாறைத் தளங்கள் என்று பாதி வேலை முடிந்திருக்கிறது. சிங்கப்பூர் இதைச் செய்து காட்டியது. புலாவ் உபின் தீவில் கருங்கல் வெட்டி முடித்துக் கைவிட்ட கேத்தம் குவாரியைச் சுற்றி 2008இல் மலைச் சைக்கிள் பூங்கா அமைத்தார்கள். பனிச்சறுக்குத் தடங்களுக்கு இடுவதுபோல் எளிது, நடுத்தரம், கடினம் என்று குறியிட்டுப் பலகை வைத்தார்கள். நீர் நிறைந்த குழியின் பக்கம் வேலி. பின்னர் செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவில் 81 ஹெக்டேரில் நடப்பவருக்கு ஒரு பாதை, மிதிப்பவருக்கு ஒரு பாதை என்று பிரித்தே போட்டார்கள். புக்கித் தீமா காப்பகத்திலோ, சைக்கிளைக் காட்டின் நடுவே விடாமல் எல்லையைச் சுற்றிப் போகும் தடத்தோடு நிறுத்திவிட்டார்கள். நிலம் என்றால் தங்கம் என்று நினைக்கும் ஒரு நாடே இதற்கு இடம் கண்டுபிடித்திருக்கிறது.

பெங்களூரின் அனுபவம் எதிர்த் திசையில் பாடம் சொல்கிறது. துரஹள்ளிக் காட்டில் சைக்கிள்காரர்கள் பல ஆண்டுகள் தாங்களாகவே தடம் பழகினார்கள். 2021இல் வனத்துறை அங்கே மரப் பூங்கா அமைக்கத் திட்டமிட்டபோது சுற்றுப்புற மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். காடு காடாகவே இருக்கட்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அந்தக் காட்டை நேசித்தவர்களில் நடப்பவர், ஓடுபவர், மிதிப்பவர் எல்லோரும் உண்டு. எழுதப்படாத அனுமதியில் வளரும் விளையாட்டு ஓர் அறிவிப்பில் மறைந்துவிடலாம் என்பதே நமக்கு அதில் உள்ள எச்சரிக்கை. அண்மையில் உள்ள நல்ல முன்மாதிரி ஆரோவில். 1968இல் பொட்டல் செம்மண் மேடாக இருந்த இடத்தில் காடு வளர்த்து, அதற்குள் மோட்டார் நுழையாத சைக்கிள் பாதைகளையும் சேர்த்தே வளர்த்தார்கள். இருக்கும் காட்டைக் கேட்காமல், இல்லாத காட்டை உண்டாக்கி அதில் மிதிப்பது உயர்ந்த வழி. அதற்குப் பொறுமை வேண்டும்.

தொலைவில் போகத் தயாரானவர்களுக்கு வழிகள் உண்டு. வடக்கே ஆந்திர எல்லையில் நாகலாபுரம் மலைகளும் தடாவின் உப்பலமடுகு அருவியும் சென்னை மலையேற்றக்காரர்களின் பழைய இலக்குகள். ஓடையும் குளமும் காடும் கலந்த பள்ளத்தாக்குகள். 2008இல் தொடங்கிய சென்னை ட்ரெக்கிங் கிளப்பால் அவை நகரத்து இளைஞர்களிடம் பெயர் பெற்றன. செம்மரக் கடத்தல் காரணமாக அந்தக் காடுகளில் கண்காணிப்பு கடுமையானது. ஆந்திர வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது ஆபத்து. தெற்கே செங்கல்பட்டுப் பக்கம் போனால் பாலாற்றங்கரைக் கிராமப் பாதைகள், வல்லம் பல்லவர் குடைவரை, கொளவாய் ஏரி என்று ஒரு நாள் சுற்றுக்கு நல்ல திசை. மணலில் சக்கரம் புதையும் என்பதால் ஆற்றுப் படுகையை விட்டுக் கரையோடு போவது நல்லது.

இதெல்லாம் வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்குதானே, இதற்கா அரசு நிலம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. உருப்படியான மலைச் சைக்கிள் இருபதாயிரம் ரூபாயில் தொடங்கி லட்சங்களைத் தாண்டுகிறது. ஏரிக்கரையில் ஆடு மேய்க்கும் பெண்ணுக்கும் தூண்டில் போடும் பெரியவருக்கும் ஹெல்மெட் கண்ணாடி சகிதம் ‘ஓரம் போங்க’ என்று கத்திக்கொண்டு பாயும் கூட்டம் எரிச்சலைத்தான் தரும். வேகம் குறைவான கரை, வேகம் அனுமதிக்கும் குவாரி என்று பிரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கரையில் முதல் உரிமை நடப்பவருக்கும் ஆட்டுக்கும். குவாரித் தடத்தில் வாடகைச் சைக்கிள் வைத்து, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் இலவசமாக விட்டால் பொழுதுபோக்கு என்ற குற்றச்சாட்டு பாதி கரைந்துவிடும். ஜி.எஸ்.டி. சாலையைச் சைக்கிளில் கடப்பதே ஒரு சாகச விளையாட்டாக இருக்கும் ஊரில், மோட்டார் வராத ஐந்து கிலோமீட்டர் பிள்ளைகளுக்குக் கிடைப்பது சின்ன விஷயமில்லை. சென்னை மாநகராட்சி 2014இலேயே மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கு ஒரு கொள்கை வகுத்தது. அப்போது தாம்பரம் தனி நகராட்சி, பீர்க்கன்கரணை பேரூராட்சி. 2021இல் இவையும் பல்லாவரம், பம்மல், செம்பாக்கம் முதலியவையும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. 70 வார்டுகள் உள்ள மாநகராட்சிக்கு இப்படி ஒரு கொள்கை எழுதிக்கொள்ளத் தடையேதும் இல்லை.

என் தீர்ப்பு இது. வண்டலூரையும் நன்மங்கலத்தையும் கேட்கக் கூடாது. சிறியவை, தளர்ந்தவை, விட்டுவிடலாம். மேல் அடையாற்றின் கரையையும் பாதுகாப்பான மூன்று நான்கு ஏரிக்கரைகளையும் இணைத்து மண் பாதையாகவே பேண வேண்டும். நீர்வளத் துறையும் மாநகராட்சியும் உட்கார்ந்து பேசினால் முடிகிற வேலை. காப்புக்காட்டுக்கு வெளியே, குத்தகை முடிந்த ஒரே ஒரு குவாரியைத் தேர்ந்தெடுத்து, கொம்பன் ஆந்தை கூடு உண்டா என்று கார்த்திகை முதல் பங்குனி வரை ஒரு பருவம் முழுக்கப் பார்த்துவிட்டு, குழிக்கு வேலி போட்டு, தடம் வெட்டலாம். உள்ளூர் இளைஞர்களை ட்ரெக் தமிழ்நாடு பாணியில் வழிகாட்டிகளாக எடுக்கலாம். மழைக்காலத்தில் மூடிவிட வேண்டும்.

அதுவரை, பீர்க்கன்கரணையிலும் பெருங்களத்தூரிலும் தடித்த டயர் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். காட்டு வேலியைத் தாண்டாதீர்கள். கரையில் ஆள் எதிரே வந்தால் இறங்கித் தள்ளுங்கள். உங்கள் வார்டு உறுப்பினரின் அலுவலகத்துக்கு ஒரு நாள் சைக்கிளிலேயே போய், குவாரி எங்கே இருக்கிறது, கரை யாருடையது என்று எழுத்தில் கேளுங்கள்.